விலைக்கு வாங்க முடியாத மனிதர்

தேர்வு முடிந்த இரவுகளில் எங்கள் விடுதியில் யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. யாராவது ஒருவர் மடிக்கணினியைத் திறப்பார். ஐந்தாறு பேர் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏதாவது ஒரு படத்தைப் பார்ப்போம். அப்படி ஓர் இரவில் அறைத்தோழன் ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் போட்டான். 1987ஆம் ஆண்டு வெளிவந்த 'தி அண்டச்சபிள்ஸ்'. பிரையன் டி பால்மா இயக்கியது. கெவின் காஸ்ட்னர் நாயகன், ராபர்ட் டி நீரோ வில்லன். கீழே மலாய் துணைத்தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

படம் தொடங்கிய அரைமணி நேரத்தில் எங்கள் அரட்டை நின்றுவிட்டது. நகரையே தன் கைக்குள் வைத்திருக்கும் கள்ளச்சாராயத் தலைவன் ஒருவன். அவனிடம் சம்பளம் வாங்கும் போலீஸ், நீதிமன்றம், நகரமன்றம். நடுவில் சாம்பல்நிற உடுப்பும் தொப்பியும் அணிந்த ஓர் இளைஞன். ஒரு காட்சியில் நகரமன்ற உறுப்பினர் ஒருவர் அவன் அறைக்கு வந்து, சிரித்துப் பேசி, மேசைமேல் ஓர் உறையை வைப்பார். அவன் தன் குழுவினரை உள்ளே அழைத்து, அவர்கள் முன்னிலையில் அந்த உறையை வந்தவரிடமே வீசியெறிவான். என் நண்பர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அந்த வாரம்தான் எனக்கு வாகனமோட்டும் உரிமம் கிடைத்திருந்தது. எப்படிக் கிடைத்தது என்பதை இந்த இதழிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முதல் நாள், ஒருவர் என்னைத் தனியே அழைத்து, முந்நூறு ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தால் மறுதேர்வுத் தொல்லை இருக்காது என்று நயமாகச் சொன்னார். நம் ஊரில் இதற்குக் 'கோப்பி-ஓ லைசென்ஸ்' என்று பெயர்கூட இருக்கிறது. பெயர் வைக்கும் அளவுக்கு நமக்கு அது பழகிப்போயிற்று! நான் கொடுத்தேன். கொடுக்காமலே தேறியிருப்பேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே நேர்மையைப் பற்றி உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை, நண்பர்களே. அந்த உறையை வீசிய இளைஞன் உண்மையில் வாழ்ந்தவன் என்று தெரிந்தபோது, அவன் யார், கடைசிவரை அப்படியே இருந்தானா என்று தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் எலியட் நெஸ். 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சிக்காகோ நகரின் தென்பகுதியில் பிறந்தார். தந்தை பீட்டர், தாய் எம்மா. இருவரும் நார்வே நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியேறிகள். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளியாகத் தொடங்கி, சொந்த ரொட்டிக்கடை வைக்கும் நிலைக்கு உயர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் எலியட் கடைக்குட்டி. விளையாட்டுக் கூட்டங்களில் அதிகம் சேராத, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் மூழ்கிக் கிடந்த பையன் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் படித்து 1925இல் பட்டம் பெற்றார். நம்மைப் போல ஒரு பட்டதாரி. வயது இருபத்திரண்டு. இதை எழுதும்போது எனக்கும் அதே வயது என்பதை ஒரு சிறு பெருமையோடு குறித்துக்கொள்கிறேன்.

பட்டம் வாங்கியவர் நேராகத் துப்பாக்கியைத் தூக்கவில்லை. கடன் கேட்பவர்களின் பின்னணியை விசாரித்து அறிக்கை தரும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. அவருடைய அக்காள் கணவர் அலெக்சாண்டர் ஜேமி மத்திய அரசின் புலனாய்வுத் துறையில் இருந்தார். அவர் வழியாகத்தான் நெஸ் மதுவிலக்குத் துறைக்குள் நுழைந்தார். ஆக, அவருக்கும் ஓர் 'ஆள்' இருந்தது! இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. உள்ளே போக உறவு உதவியது. உள்ளே போனபின் என்ன செய்தார் என்பதுதான் கதை.

அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மது தயாரிப்பதும் விற்பதும் ஏற்றிச்செல்வதும் குற்றம். நல்ல எண்ணத்தோடு வந்த சட்டம்தான். குடிகாரக் கணவர்களிடம் அடிபட்ட பெண்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. ஆனால் குடிப்பவர்கள் குடிப்பதை நிறுத்தவில்லை. விற்கும் உரிமை மட்டும் கடைக்காரரிடமிருந்து குண்டர் கும்பல்களுக்கு மாறிப்போனது. பீப்பாய் பீப்பாயாகப் பணம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ரோந்துப் போலீஸ்காரருக்கு, ஒரு பகுதி அவருடைய அதிகாரிக்கு, ஒரு பகுதி அரசியல்வாதிக்கு. மதுவிலக்கு அதிகாரிகளின் சம்பளமோ குறைவு. துறையிலேயே பலர் கும்பல்களுக்கு விலைபோயிருந்தார்கள்.

சிக்காகோவில் அந்தப் பணத்தின் பெயர் அல் கபோன். 1899இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவன். முப்பது வயதாகும் முன்பே சிக்காகோவின் சாராயம், சூதாட்டம், விபசாரம் அனைத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தான். ஏழைகளுக்கு இலவச சூப் கடை நடத்திப் பெயர் வாங்கியவனும் அவனே. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், காதலர் தினத்தன்று, எதிர்க்கும்பலைச் சேர்ந்தவர்கள் எனக் கருதப்பட்ட ஏழு பேர் ஒரு வாகனக் கொட்டகைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்களில் சிலர் போலீஸ் சீருடையில் வந்திருந்தார்கள். போலீஸ் உடையைப் பார்த்ததும் அது உண்மையான போலீஸா கும்பலா என்று பிரித்தறிய முடியாத நகரம் அது. அந்தக் கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

கபோனைப் பிடித்தே ஆகவேண்டும் என்று வாஷிங்டன் முடிவு செய்தது. இரண்டு வழிகளில் வலை விரிக்கப்பட்டது. ஒன்று, வருமானவரித் துறையின் புலனாய்வாளர்கள் அவன் கணக்குகளைத் தோண்டுவது. இன்னொன்று, அவனுடைய சாராய ஆலைகளை அடித்து நொறுக்கி, மதுவிலக்குச் சட்டத்தை மீறியதற்குச் சான்று சேர்ப்பது. சிக்காகோவின் மத்திய அரசு வழக்குரைஞர் ஜார்ஜ் ஜான்சன் இந்த இரண்டாவது பணிக்கு ஒரு தனிக்குழு அமைத்தார். அதற்குத் தலைமையேற்றவர் எலியட் நெஸ். வயது இருபத்தேழைத் தாண்டவில்லை.

குழுவுக்கு ஆள் சேர்த்ததில்தான் நெஸ்ஸின் மனம் தெரிகிறது. துறையில் இருந்தவர்களின் பதிவேடுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். சந்தேகம் தட்டியவர்களை நீக்கிக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ பத்துப் பேர். சுடத் தெரிந்தவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர், தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்கத் தெரிந்தவர் என்று திறமையும் பார்த்தார்தான். ஆனால் முதல் வடிகட்டி அதுவல்ல. விலைபோகாதவரா என்பதே முதல் கேள்வி. நம் சங்கங்களில் செயலவை அமைக்கும்போது நாம் எதை முதலில் பார்க்கிறோம் என்று யோசித்தேன். சரி, அதை விடுங்கள்.

படத்தில் நாயகனின் முதல் சோதனை பெருந்தோல்வி. சாராயம் இருக்கிறதென்று பெட்டியை உடைத்தால் உள்ளே ஜப்பானியக் குடைகள்! உண்மையில் நெஸ் பொறுமையாகத் தடம் பார்த்தார். காலி பீப்பாய்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பல இரவுகள் பின்தொடர்ந்தார்கள். மதுக்கடைகளிலிருந்து காலிப் பீப்பாய் கழுவுமிடத்துக்கும், அங்கிருந்து ஆலைக்கும் திரும்பித்தானே ஆகவேண்டும்? ஆலை தெரிந்ததும் கனரக லாரியின் முன்பக்கம் இரும்புச்சட்டம் பொருத்தி, அதிகாலையில் கதவை மோதித் திறந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க நேரமே இருக்காது. அண்டாக்கள் உடைக்கப்பட்டன, லாரிகள் பறிமுதலாயின. கும்பலுக்கு உயிரிழப்பைவிடப் பண இழப்பு அதிகம் வலித்தது. கபோனின் அண்ணன் ரால்ஃப் நடத்திய விடுதியின் தொலைபேசியையும் ஒட்டுக்கேட்டார்கள். பறிமுதல் செய்த லாரிகளையெல்லாம் வரிசையாக்கி, கபோன் தங்கியிருந்த லெக்சிங்டன் ஹோட்டல் வழியாக ஊர்வலமாக ஓட்டிச் சென்றதாகவும், சன்னல் வழியே எட்டிப் பார்க்கும்படி அவனுக்குத் தொலைபேசியில் சொன்னதாகவும் நெஸ்ஸின் பெயரில் வெளிவந்த நூல் கூறுகிறது. நூல்களில் கொஞ்சம் மசாலா இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த உறைக்கு வருவோம். வாரம் இரண்டாயிரம் டாலர் தருவதாக நெஸ்ஸுக்குத் தூது வந்தது. அரசு அவருக்குக் கொடுத்த ஓராண்டுச் சம்பளத்தை இரண்டே வாரங்களில் தாண்டிவிடும் தொகை. அவர் மறுத்தார். அவர் குழுவைச் சேர்ந்த இருவர் காரில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்த காரிலிருந்து பணக்கட்டு ஒன்று உள்ளே வீசப்பட்டது. அவர்கள் விரட்டிச் சென்று அதைத் திருப்பி வீசினார்கள். நெஸ் செய்தியாளர்களைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். விளம்பரப் பிரியர் என்று அவர்மேல் ஒரு குறை உண்டு. அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் கையூட்டை மறுத்த செய்தி ஊருக்குத் தெரிந்தால்தான் அடுத்தவன் கொண்டுவரத் தயங்குவான் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என நினைக்கிறேன். அந்தச் செய்தியிலிருந்துதான் குழுவுக்கு அந்தப் பெயர் வந்தது. தொட முடியாதவர்கள்.

இந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒரு கணம் பேனா நிற்கிறது. இதே ஆங்கிலச் சொல்தான் நம் மூதாதையர் பிறந்த மண்ணில் கோடிக்கணக்கான மக்கள்மேல் இழிவாகச் சுமத்தப்பட்டது. அங்கே பிறப்பைக் காட்டித் தள்ளிவைக்கச் சொன்ன சொல், சிக்காகோவில் பணத்தால் எட்ட முடியாத சிலருக்குப் பட்டமானது. படத்தின் பெயரைச் சொன்னதும் என் பாட்டி முகம் சுளித்தார். விளக்கிச் சொன்னபின்தான் புரிந்துகொண்டார்.

படத்தில் குழுவினர் நால்வர். அவர்களில் இருவர் கொல்லப்படுவார்கள். ஷான் கானரி நடித்த முதிய ஐரிஷ் போலீஸ்காரர் மலோன் இறக்கும் காட்சியில் எங்கள் அறையில் ஒருவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கானரிக்குச் சிறந்த துணைநடிகருக்கான ஆஸ்கார் விருதும் கிடைத்தது. ஆனால் மலோன் என்றொருவர் வாழவே இல்லை. அது எழுத்தாளரின் கற்பனை. உண்மையில் நெஸ் இழந்தது வேறொருவரை. பிராங்க் பசில் என்ற அவருடைய காரோட்டி. முன்பு சட்டவிரோதத் தொழிலில் இருந்து, பிறகு நெஸ்ஸுக்கு உதவியாக வந்தவர். அவரைக் கும்பல் கொன்றது. அவரைப் பற்றி இந்தப் படத்தில் ஒரு தனிக்காட்சி இல்லை. படத்தில் நாயகன் கோபத்தில் கபோனின் அடியாள் நிட்டியை மாடியிலிருந்து தள்ளிக் கொல்வான். உண்மையான நிட்டி 1943ஆம் ஆண்டு தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தான். நெஸ் யாரையும் மாடியிலிருந்து தள்ளவில்லை. எனக்கென்னவோ, சட்டத்துக்குள் நின்ற அந்த உண்மை மனிதரே படத்து நாயகனைவிடப் பெரியவராகத் தெரிகிறார்.

கபோன் கடைசியில் வீழ்ந்தது எதனால்? இங்கேதான் நெஸ்ஸின் வாழ்க்கையில் ஒரு கசப்பு இருக்கிறது. 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் கபோன்மீது இரண்டு குற்றப்பத்திரிகைகள் தாக்கலாயின. வருமானவரி ஏய்ப்பு ஒன்று. நெஸ் குழு திரட்டிய மதுவிலக்கு மீறல் மற்றொன்று. இரண்டாவதில் கபோனோடு 68 பேர்மீது ஐந்தாயிரம் குற்றச்சாட்டுகள். ஆனால் நீதிமன்றத்துக்குப் போனது முதல் வழக்கு மட்டுமே. வரித்துறையின் பிராங்க் வில்சனும் அவருடன் இருந்தவர்களும் பல மாதங்கள் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிச் சேர்த்த சான்றுகளே கபோனைச் சிறைக்கு அனுப்பின. ஜூரிகளை விலைக்கு வாங்க முயற்சி நடப்பது தெரிந்ததும், நீதிபதி வில்கர்சன் ஜூரிப் பட்டியலையே கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார். படத்தில் வரும் இந்தச் சம்பவம் மட்டும் உண்மை. அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பு. பதினோராண்டுச் சிறை, ஐம்பதாயிரம் டாலர் அபராதம். நெஸ்ஸின் ஐந்தாயிரம் குற்றச்சாட்டுகள் விசாரணைக்கு வரவே இல்லை. 1932ஆம் ஆண்டு மே மாதம் கபோனை அட்லாண்டா சிறைக்கு ரயிலேற்றிய காவலர்களில் ஒருவராக நெஸ் நடந்து போனார்.

ஆக, கபோனைப் பிடித்தவர் நெஸ் அல்லர் என்று இன்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அது சரியே. ஆனால் ஆலை ஆலையாகக் கும்பலின் வருமானத்தை வற்றச் செய்ததும், மறுக்கும் அதிகாரி ஒருவர் இருக்க முடியும் என்று அந்த நகருக்குக் காட்டியதும் அவர் குழுதான். வெற்றிக் கோப்பையில் பெயர் பொறிக்கப்படாத ஆட்டக்காரரும் ஆடித்தானே இருக்கிறார்?

1933 டிசம்பரில் மதுவிலக்கு நீக்கப்பட்டது. படத்தின் முடிவில் நிருபர் ஒருவர், மதுவிலக்கு நீங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற பொருளில் கேட்க, தாமும் போய் ஒரு மிடறு குடிப்பதாக நாயகன் சொல்லிவிட்டு நடப்பார். திரையில் பார்க்கும்போது சிரிப்பு வந்தது. உண்மை வாழ்க்கையைப் படித்தபின் அந்தக் காட்சி நினைவுக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை.

மதுவிலக்குக்குப் பிறகு நெஸ் ஓஹாயோ மாநிலத்துக்கு மாற்றப்பட்டார். 1935ஆம் ஆண்டு டிசம்பரில் கிளீவ்லாந்து நகரின் மேயர் ஹெரல்ட் பர்ட்டன் அவரை நகரின் பொதுப் பாதுகாப்பு இயக்குநராக நியமித்தார். போலீஸ், தீயணைப்புத் துறை இரண்டும் அவர் கையில். வயது முப்பத்திரண்டு. அந்த நகரின் வரலாற்றில் அந்தப் பதவிக்கு அத்தனை இளையவர் வந்ததில்லை. என்னைக் கேட்டால், நெஸ்ஸின் உண்மையான சாதனை சிக்காகோ அன்று, கிளீவ்லாந்துதான். இதைப் படம் தொடவே இல்லை.

பதவியேற்ற ஒரு மாதத்துக்குள் ஒரு சோதனை வந்தது. 1936 ஜனவரியில் நகர எல்லைக்கு வெளியே இருந்த ஹார்வர்ட் கிளப் என்ற சூதாட்ட விடுதியை மாவட்ட வழக்குரைஞர் கல்லிட்டன் சோதனையிடப் போனார். வாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் மறித்தார்கள். மாவட்டக் காவல் தலைவரிடம் உதவி கேட்டால் வரமாட்டேன் என்றார். கல்லிட்டன் நெஸ்ஸை அழைத்தார். எல்லைக்கு வெளியே நெஸ்ஸுக்கு அதிகாரம் கிடையாது. அவர் பணிநேரம் முடிந்து வீடு திரும்பவிருந்த போலீஸ்காரர்களிடம் போய், தன்னார்வலராக வரச் சம்மதிப்பவர்களைக் கேட்டார். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய், தாம் ஆயுதமில்லாமல் முன்னால் நடந்து கதவைத் தட்டினார். கதவு திறந்தது. அதற்குள் சூதாடிகள் பெரும்பாலோர் நழுவிவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் இந்த ஊரில் இனி யார் பக்கம் பயப்பட வேண்டும் என்று அன்று இரவு மாறிப்போனது.

பிறகு தம் சொந்தப் போலீஸ் படையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். வெளியே இருக்கும் குண்டனைப் பிடிப்பது ஒன்று, பக்கத்து மேசையில் இருப்பவரைப் பிடிப்பது வேறு. கையூட்டு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன முன்னாள் சாராய வியாபாரிகளைத் தாமே தேடிப்போய்ப் பேசி, சாட்சி சொல்ல வைத்தார். போலீஸ் கேப்டன்கள் உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள். போலீஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ரோந்துக் கார்களில் இருவழி வானொலி வைத்தார். தெருவில் சுற்றிய பையன்களைக் கைது செய்வதற்குப் பதிலாக அவர்களுக்கு மன்றங்களும் விளையாட்டும் அமைத்துக் கொடுத்தார். சாலை விபத்துகளில் அமெரிக்காவின் மோசமான நகரங்களில் ஒன்றாக இருந்த கிளீவ்லாந்தில், குடித்து ஓட்டுபவர்கள்மீது கடும் நடவடிக்கை எடுத்தார். சாலை மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தேசியப் பாதுகாப்பு மன்றம் அந்நகருக்குப் பரிசளித்தது.

இவ்வளவும் செய்தவருக்கு ஒரு கொலையாளி மட்டும் கடைசிவரை அகப்படவில்லை. 1935 முதல் 1938 வரை கிங்ஸ்பரி ரன் என்ற பள்ளத்தாக்கை ஒட்டி, தலை துண்டிக்கப்பட்ட உடல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. குறைந்தது பன்னிரண்டு பேர். பெரும்பாலோர் இன்னாரென்றே தெரியாத ஏழைகள். நகரமே நடுங்கியது. 1938 ஆகஸ்டில் நெஸ் ஒரு முடிவெடுத்தார். அங்கே குடிசை போட்டு வாழ்ந்த வீடற்றவர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்து, குடிசைகளை எரிக்க உத்தரவிட்டார். கொலையாளிக்கு இரை கிடைக்காமல் செய்வது நோக்கமாம். பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து, தகரத்தையும் அட்டையையும் வைத்து வீடு கட்டியவர்களின் கடைசி நிழலும் சாம்பலாயிற்று. பத்திரிகைகள் கண்டித்தன. கண்டிக்க வேண்டியதுதான். கைநீட்டாதவர் என்பதற்காக எல்லாவற்றிலும் நியாயமானவர் என்று நாம் எழுதிவிடக் கூடாது. கொலைகள் நின்றன. கொலையாளி யாரென்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

வீட்டிலும் அமைதி இல்லை. முதல் மனைவி எட்னாவுடன் 1938இல் பிரிவு. மறுவருடம் ஓவியர் எவலினை மணந்தார். இரவு விருந்துகள் கூடின, குடியும் கூடியது. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம், உறைபனி படர்ந்த சாலையில் விடியற்காலையில் நெஸ் ஓட்டிய கார் வழுக்கி எதிரே வந்த காரில் மோதியது. மோதிய பிறகு அவர் அங்கே நிற்காமல் போனார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவருடைய காரின் எண், இ.என்.-1, ஊரறிந்த எண். மறைக்க முடியுமா? குடித்திருந்ததை ஒப்புக்கொண்டார். போதையில் இல்லை என்றும், அதிர்ச்சியில் இருந்த மனைவியை முதலில் வீடு சேர்த்ததாகவும் விளக்கினார். குடித்து ஓட்டியவர்களை ஆண்டுக்கணக்கில் விரட்டிய மனிதர்! அடுத்த மாதமே அவர் பதவி விலகினார்.

இந்த இடத்தைப் படித்தபோது என் பணப்பையில் இருந்த உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். ஏனென்று கேட்காதீர்கள்.

அதன்பின் வந்த பதினைந்து ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அவை வேகமாகவே சரிந்தன. போர்க்காலத்தில் வாஷிங்டனில், படைமுகாம்களைச் சுற்றிப் பாலியல் நோய் பரவுவதைத் தடுக்கும் அரசுப் பிரிவில் பணி. பிறகு இரும்புப் பெட்டகம் செய்யும் டீபோல்ட் நிறுவனத்தில் தலைவர் பதவி. எவலினும் பிரிந்தார். 1946இல் சிற்பக்கலைஞர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் ராபர்ட் என்ற ஆண்குழந்தையைத் தத்தெடுத்தார்கள். 1947இல் கிளீவ்லாந்து மேயர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்ற தாமஸ் பர்க் அவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வாக்குகள் பெற்றார். ஐந்தாண்டில் ஊர் அவரை மறந்துவிட்டது. டீபோல்ட் பதவியும் போனது. புத்தகக் கடையில் வேலை பார்த்தார், உறைநிலை இறைச்சித் துண்டுகளை உணவகங்களுக்கு விற்றுப் பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை.

கடைசியாகச் சேர்ந்த நிறுவனம், காசோலை மோசடியைத் தடுக்க நீரெழுத்துத் தாள் தயாரிக்கும் முயற்சியில் இருந்தது. அது பென்சில்வேனியா மாநிலத்தின் கவுடர்ஸ்போர்ட் என்ற சிற்றூருக்கு இடம்பெயர, நெஸ்ஸும் குடும்பத்தோடு போனார். அந்த நாட்களில்தான் ஆஸ்கர் ஃபிரேலி என்ற செய்தியாளர் அறிமுகமானார். பழைய சிக்காகோ கதைகளைக் கேட்டவர், இது புத்தகமாக வேண்டும் என்று தூண்டினார். நெஸ் தம் நினைவுகளையும் பழைய செய்தித்தாள் துணுக்குகளையும் கொடுத்தார். ஃபிரேலி எழுதினார். மிகைப்படுத்தினார் என்பதும் உண்மை. நெஸ் அச்சுப்படிகளைப் பார்த்துவிட்டார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. 1957ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் கவுடர்ஸ்போர்ட் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 54. விட்டுச்சென்றது கடன்.

வாரம் இரண்டாயிரம் டாலரை வேண்டாமென்றவர் கடனோடு இறந்தார் என்பதை என் தந்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டி எங்களை வளர்த்தவர் அவர். அப்படியானால் அவர் பிழைக்கத் தெரியாதவர் என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்த முந்நூறு ரிங்கிட்டைக் கொடுத்தபோது நான் அவரிடம் கேட்டிருக்கலாமே என்றார். பயிற்சிக்குக் கட்டணம் ஏறிவிட்டது என்று சொல்லித்தான் அந்தப் பணத்தை அவரிடம் வாங்கியிருந்தேன்.

நெஸ் இறந்த அதே ஆண்டில் நூல் வெளிவந்து விற்றுத் தீர்ந்தது. 1959 முதல் 1963 வரை ராபர்ட் ஸ்டாக் நடித்த தொலைக்காட்சித் தொடர் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. இத்தாலிய அமெரிக்கர்கள், கெட்டவர்களுக்கெல்லாம் தங்கள் பெயரையே சூட்டுவதாக அதை எதிர்த்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. பிறகு 1987இல் நாங்கள் பார்த்த அந்தப் படம். 2014ஆம் ஆண்டு வாஷிங்டனில் ஓர் அரசுக் கட்டடத்துக்கு நெஸ்ஸின் பெயரைச் சூட்ட யோசனை எழுந்தபோது, கபோனைப் பிடித்தவர் அவர் அல்லர் என்று கூறி முன்னின்று எதிர்த்தவர் சிக்காகோவின் மூத்த நகரமன்ற உறுப்பினர் ஒருவர். வரலாற்றுப்படி அவர் வாதம் சரிதான். அதே உறுப்பினர் 2023ஆம் ஆண்டு ஊழல் வழக்கில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். படத்தில் உறையோடு வந்தவரும் ஒரு நகரமன்ற உறுப்பினர்தான் என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

நெஸ்ஸின் சாம்பல் நாற்பது ஆண்டுகள் கல்லறையில்லாமல் குடும்பத்தாரிடமே இருந்தது. மகன் ராபர்ட் 1976இல் இறந்தார். அடுத்த ஆண்டு எலிசபெத்தும் இறந்தார். 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், கிளீவ்லாந்தின் லேக் வியூ மயானத்தில் போலீஸ் மரியாதையோடு ஒரு சடங்கு நடந்தது. அங்கே இருக்கும் குளத்து நீரில் மூவருடைய சாம்பலையும் ஒன்றாகத் தூவினார்கள்.